நின்று நின்று ஓடும் வண்டி

வைத்தியரை ஏமாற்றும் வியாதிகளில் தலைசிறந்தது, பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும் வேளையில் பிள்ளைகளுக்கு வரும் வயிற்றுவலி. வைத்தியர் வாசற்படி ஏறியதும் அது மாயமாய் மறைந்துவிடும். வலி இருந்தபோது வைத்தியர் இல்லை. வைத்தியர் வந்தபோது வலி இல்லை. மோட்டார் சைக்கிளுக்கும் இந்த வியாதி உண்டு என்பதைக் கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் இடையே உள்ள 40 கிலோமீட்டர் சாலை நமக்குக் கற்பித்தது.

நம்மிடம் இருப்பது பழைய ஒற்றைச் சிலிண்டர் வண்டி. சனிக்கிழமைதோறும் மாலையில் அதில் ஏறிப் பொள்ளாச்சிக்குச் செல்வோம். அங்கே தனியாக வசிக்கும் தாயாருக்கு வேண்டிய ஒரு வாரத்து மருந்துகள் பையில் இருக்கும். பஸ் இல்லையா என்று வாசகர்கள் கேட்கலாம். ஏராளமாக இருக்கிறது. ஆனால் இது நம் தகப்பனார் ஓட்டிய வண்டி. தெருமுனையில் அதன் சத்தம் கேட்டவுடன் தாயார் அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டுவிடுவார். அந்தச் சத்தத்தைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போக முடியுமா?

வியாதியின் லட்சணம் இது. உக்கடத்திலிருந்து சுந்தராபுரம் வரை நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது வண்டி பரம சாது. ஈச்சனாரிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, சாலை விரிந்த இடத்தில் சற்று வேகம் கொடுத்தால், கிணத்துக்கடவு வருவதற்குள் எங்கேனும் விக்கல் எடுக்கும். இரண்டு முறை இருமும். பிறகு மௌனம். பத்து நிமிஷம் புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு மிதித்தால் ஒன்றுமே நடவாததுபோல் கிளம்பிவிடும். எல்லா வாரமும் இப்படி என்றாலாவது மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். இரண்டு வாரம் குதிரைபோல் ஓடும். மூன்றாவது வாரம் மூன்று இடத்தில் நிற்கும்.

ஒரு சனிக்கிழமை நாம் வீடு சேரும்போது இரவு ஒன்பதரை மணி. தாயார் தெருத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. தோசைக்கல் மட்டும் இருமுறை சூடாகி இருமுறை ஆறியிருந்தது. மறுநாளே உறவினர்கள் கூடி, வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவது என்று தீர்மானம் நிறைவேற்றினார்கள்.

அதற்கு முன்பே மூன்று பட்டறைகள் பார்த்தாயிற்று. ஒருவர் பிளக்கை மாற்றினார். ஒருவர் காயிலையும் கண்டென்ஸரையும் மாற்றினார். சூடேறினால் அவை மயங்கிவிழுவது உண்டாகையால் அந்தச் சந்தேகம் நியாயமானதே. மூன்றாமவர் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். மூவரிடமும் வண்டி சமர்த்தாக ஓடிக் காட்டியது. பாகத்தை மாற்றுவது வேறு, கோளாறைக் கண்டுபிடிப்பது வேறு என்பது நம் அபிப்பிராயம். முன்னதற்குப் பணம் வேண்டும். பின்னதற்குப் பொழுது வேண்டும். இக்காலத்தில் பணம் கொடுப்பவர் கிடைத்தாலும் பொழுது கொடுப்பவர் கிடைப்பதில்லை.

இத்தனைக்கும் கோவையின் யந்திர ஞானமே ஒரு மோட்டார் சைக்கிளில் தொடங்கியது என்று சொன்னால் தகும். அருகிலுள்ள கலங்கல் கிராமத்தில் 1893-ஆம் வருஷம் பிறந்த ஜி. டி. நாயுடு, வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோவைக்கு வந்து ஹோட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அந்த வண்டியையே வாங்கினார். வாங்கியவர் ஊர்சுற்றவில்லை, அக்கக்காகக் கழற்றிப் பார்த்து மறுபடி பூட்டினார். அவர்தான் 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார். கழற்றிப் பார்த்தால் யந்திரம் தன் ரகசியத்தைச் சொல்லிவிடும் என்பது அவர் வழி. ஆனால் கழற்றினாலும் பேசாத கோளாறு ஒன்று உண்டு. அது ஓடும்போது மட்டுமே உயிரோடு இருப்பது.

இதை நமக்கு விளக்கியவர், தொழிலை மகனிடம் விட்டுவிட்டுச் சும்மா இருந்த ஒரு முதிய மெக்கானிக்.

"ஏனுங்க தம்பி, ஓடற வண்டியக் கொண்டாந்து நிறுத்துனா நான் என்னத்தப் பாக்கறது? நிக்கற வண்டியத்தான் பாக்கோணும்" என்றார். அடுத்த சனிக்கிழமை பின் ஆசனத்தில் தாமே ஏறிக்கொண்டார்.

அன்று வண்டி ஒத்தக்கால்மண்டபம் தாண்டி நின்றது. பீடியும் கையுமாக வந்த ஒரு வழிப்போக்கர், "பெட்ரோல் இருக்குதுங்களா?" என்று டாங்கியின் மூடியில் கை வைக்கப் போனார். பெரியவர் தடுத்தார். "மூடியத் தொடாதீங்க. பீடிய அணைச்சுப்போட்டு அந்தப் பக்கம் நில்லுங்க."

முதலில் பிளக்கைக் கழற்றினார். அதன் முனை உலர்ந்திருந்தது. சிலிண்டர் தலையில் அதைச் சாய்த்து வைத்து மிதிக்கச் சொன்னார். நீலப்பொறி பளிச்சென்று அடித்தது. ஆகவே நெருப்பில் குறையில்லை, தீனி வரவில்லை. கார்புரேட்டருக்குப் போகும் குழாயை உருவி ஒரு சிறு பாட்டிலில் விட்டுக் குழாயைத் திறந்தார். நாலு சொட்டு விழுந்து நின்றது. அதற்குப் பிறகுதான் மூடியைத் திருகினார். டாங்கி 'உஸ்' என்று ஒரு நெடுமூச்சு வாங்கியது. பெட்ரோல் நூல்பிடித்தாற்போல் பாய்ந்தது.

எண்ணெய் டின்னில் ஒரே துளை போட்டால் எண்ணெய் திக்கித் திக்கி வரும் என்பதும், எதிர்ப்புறம் இன்னொரு துளை போட வேண்டும் என்பதும் நம் வீட்டுப் பெண்மணிகள் அறிந்த பௌதிக சாஸ்திரம். டாங்கியின் மூடியிலும் காற்றுப் புக அப்படி ஒரு நுண்துளை உண்டு. அது தூசியும் பிசினுமாக முக்கால்வாசி அடைபட்டிருந்தது. நகருக்குள் மெதுவாகப் போகையில் கசிந்துவரும் காற்றே போதும், வேகத்தில் போதாது. டாங்கி நிறைந்திருக்கும் நாளில் உள்ளே காற்றுக்கு இடம் குறைவாகையால் வண்டி சீக்கிரமே நிற்கும். பத்து நிமிஷம் காத்திருந்தால் காற்று மெல்ல உள்ளே சேர்ந்துவிடும். பட்டறைகளில் நடந்ததும் இப்போது விளங்கிற்று. மூவருமே முதற்காரியமாக மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்தார்கள். அந்தக் கணத்திலேயே வண்டி குணமாகிவிட்டது!

"ஊசி ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்றார் பெரியவர். தாயார் வாங்கிவரச் சொன்ன தையல் ஊசிப் பொட்டலம் மருந்துப் பையில் இருந்தது. ஒன்றை எடுத்துத் துளையைக் குத்தி ஊதினார். கூலி என்று நீட்டியதை வாங்க மறுத்து, கிணத்துக்கடவில் ஒரு டீ மட்டும் குடித்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்.

பிறகு வண்டி நிற்கவில்லை. ஊசி நம் ஸ்பேனர்ப் பையிலேயே தங்கிவிட்டது. பொட்டலத்தில் ஒன்று குறைகிறது என்று தாயார் இன்றும் கடைக்காரரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.