ஜெனீவாவில் ஒரு சொட்டு ஆதி திரவம்!

ஜெனீவா என்றதும் ஏரியும் சாக்லேட்டும் கைக்கடிகாரமும்தான் நினைவுக்கு வரும். அந்த ஊருக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தால், அரை நாளை ஒதுக்கி, கார்னவன் ரயில் நிலைய வாசலில் 18-ம் எண் டிராமில் ஏறிவிடுங்கள். கடைசி நிறுத்தம், 'செர்ன்'. 1954-ல் தொடங்கப்பட்ட ஐரோப்பிய அணு ஆராய்ச்சி மையம்.

வளாகத்துக்குள் நம்மூர் நடராஜர் 2 மீட்டர் உயரத்தில் ஆடிக்கொண்டிருக்கிறார். 2004-ல் இந்திய அரசு பரிசளித்த சிலை இது. அவர் நிற்கும் பூமிக்கு அடியில், சுமார் 100 மீட்டர் ஆழத்தில், சுவிட்சர்லாந்தையும் பிரான்ஸையும் சுற்றி ஓடுகிறது 27 கிலோமீட்டர் வட்டச் சுரங்கம். ஆண்டின் பெரும்பகுதி இங்கே புரோட்டான்களை மோதவிடுவார்கள். சில வாரங்கள் மட்டும் ஈயத்தின் முறை.

ஆமாம், சாதாரண ஈயம்தான்! சிறு துண்டைச் சூடாக்கி ஆவியாக்கி, எலெக்ட்ரான்களை உரித்தெடுத்து, மிஞ்சும் அணுக்கருக்களை எதிரெதிர்த் திசைகளில் ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் ஓடவிடுகிறார்கள். அவை மோதும் இடங்களில் ஒன்று, எல்லை தாண்டி பிரான்ஸில் உள்ள சான்-ஜெனி-பூயி என்ற சிற்றூர். அங்கே 56 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது 'ஆலிஸ்' கருவி. எடை 10,000 டன். ஐந்து மாடி உயரம். சிவப்பு வண்ணம் பூசிய ராட்சதக் காந்தம். இதற்கான உணர்கருவிகளில் ஒன்றை கொல்கத்தா உள்ளிட்ட இந்திய ஆய்வுக் குழுக்கள் செய்து கொடுத்தன.

மோதலில் பிறக்கும் வெப்பம், சூரியனின் மையத்தைப் போல 1 லட்சம் மடங்குக்கும் அதிகம். புரோட்டானும் நியூட்ரானும் உருகி, உள்ளே அடைபட்டிருந்த குவார்க்குகளும் குளுவான்களும் வெளியே வருகின்றன. பிரபஞ்சம் பிறந்த முதல் சில மைக்ரோ விநாடிகளில் எல்லாமே இப்படித்தான் இருந்தது என்கிறார்கள் விஞ்ஞானிகள்.

பனிக்கட்டியைச் சூடாக்கினால் தண்ணீர், இன்னும் சூடாக்கினால் ஆவி. இவ்வளவு வெப்பத்தில் துகள்கள் வாயுவைப் போல ஆளுக்கொரு திசையில் பறக்கும் என்றுதான் பலர் எதிர்பார்த்தார்கள். நடந்ததோ வேறு!

இரண்டு அப்பளங்களைப் பாதி மட்டும் ஒன்றையொன்று மூடும்படி வைத்துப் பாருங்கள். நடுவில் பாதாம் பருப்பு வடிவம் கிடைக்கும். அணுக்கருக்கள் சற்று விலகி மோதும்போதும் அதே வடிவம்தான். வாயுவாக இருந்தால் எல்லாப் பக்கமும் சமமாகச் சிதறியிருக்கும். ஆனால், பாதாமின் குறுகலான பக்கத்தில் அழுத்தம் வேகமாகக் குறைவதால், அந்தப் பக்கமாகவே அதிகத் துகள்கள் பாய்ந்தன. ஆயிரக்கணக்கான துகள்கள் கூட்டாக, ஒரே வெள்ளமாக! அது திரவம் என்பதற்கு இதுவே சாட்சி.

அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகம், தங்க அணுக்கருக்களை மோதவிட்டு 2005-ல் இதை அறிவித்தது. உள்உராய்வு மிகமிகக் குறைவு என்பதால் 'கச்சிதமான திரவம்' என்று பெயரும் வந்தது. இன்னும் பல மடங்கு ஆற்றலில் மோதவிட்டால் வாயுவாகிவிடுமா? 2010 நவம்பரில் ஆலிஸ் பதில் சொன்னது: இல்லை, அப்போதும் திரவமாகத்தான் ஓடுகிறது!

கண்ணிமைப்பதில் கோடியில் ஒரு பங்கு நேரம்கூட இந்தச் சொட்டு நிலைப்பதில்லை. ஆனால், அன்று அந்தத் திரவம் குளிர்ந்தபோதுதான் முதல் புரோட்டான்களும் நியூட்ரான்களும் பிறந்தன. நடராஜர் சிலையின் உலோகமும், நம் உடம்பும், இதைப் படிக்கும் உங்கள் கையிலுள்ள போனும் அந்த வழி வந்தவைதான்.

போகிறவர்களுக்கு: டிராம் நிறுத்தத்தின் அருகிலேயே, 2023-ல் திறந்த 'சயின்ஸ் கேட்வே' கண்காட்சி இருக்கிறது. அனுமதி இலவசம்; திங்கட்கிழமை விடுமுறை. இயந்திரம் ஓடும் நாட்களில் சுரங்கத்துக்குள் யாரையும் விடமாட்டார்கள். குழந்தைகளையும் அழைத்துச் செல்லுங்கள். தொட்டு, இயக்கிப் பார்க்க நிறைய வைத்திருக்கிறார்கள்.