காற்று வந்த வழி

2022 ஆம் ஆண்டு டிசெம்பர் 9 ஆந் திகதி, நாட்டின் அரசாங்கப் பாடசாலைகள் யாவும் மூடப்பட்டன. வளி மாசடைந்தமையே காரணம். வங்காள விரிகுடாவில் மண்டூஸ் புயல் சுழன்றுகொண்டிருந்த நாள்கள் அவை. யாழ்ப்பாணத்திலே பனைகளை மறைத்து நின்ற சாம்பல் மூட்டத்தை மார்கழிப் பனியென்றே முதலில் நாம் எண்ணினோம். எமது வகுப்பிலே முட்டு வருத்தமுள்ள மாணவி ஒருத்தி இருந்தாள். அவள் மட்டும் அதைப் பனியென்று நம்பவில்லை.

இந்தியாவிலிருந்து காற்றோடு வந்த மாசு என்றார்கள் அதிகாரிகள். அயலவர் மீது பழியைச் சுமத்துதல் எவர்க்கும் எளிது. ஆதலின் அக்கூற்றை நாமே சோதித்துப் பார்க்க விரும்பினோம். அமெரிக்க அரசின் வளிமண்டல ஆய்வுகூடம் ஒன்று ‘ஹைஸ்பிளிற்’ என்னும் மென்பொருளை இலவசமாக வழங்குகின்றது. எரிமலைச் சாம்பலும் கதிரியக்கத் துகளும் செல்லும் வழியைக் கணிப்பதற்கும் இதனையே பயன்படுத்துகின்றனர். எமது பழைய கணினியில் அதனை நிறுவினோம்.

நிறுவுதல் பெரிதன்று, அதற்கு இரைபோடுதலே பெரிது. ஒரு வாரத்துக்குரிய உலக வானிலைத் தரவுக் கோப்பு ஒன்று ஐந்நூறு மெகாபைற்றுக்கு மேற்பட்டது. அதனை இறக்க இரண்டு இரவுகள் சென்றன. டிசெம்பர் 8, முற்பகல் பதினொன்றரை மணி என்று கொடுத்தோம்; மென்பொருளோ கிறீனிச் நேரத்தையே அறியும். ஐந்தரை மணியைக் கழித்து ஆறு என்று திருத்தினோம். 72 மணி நேரம் பின்னோக்கிச் செல்லுமாறு எண்ணுக்கு முன் கழித்தற் குறியும் இட்டோம். கோடு ஒரு விரற்கடை ஓடி, வாலறுந்த பல்லிபோல் நின்றுவிட்டது. எட்டாந் திகதியில் தொடங்கும் இரண்டாம் வாரக் கோப்பு மாத்திரமே எம்மிடம் இருந்தது. அதற்கு முந்திய நாள்கள் முதலாம் வாரக் கோப்பிலே கிடந்தன. இலக்கணப் பிழைக்கு மாணவரைக் கண்டிக்கும் நாம், அன்று வாய் திறவாது மேலும் இரண்டு இரவுகள் காத்திருந்தோம்.

பின்னர் கோடுகள் தோன்றின. நூறு மீற்றர், ஐந்நூறு மீற்றர் உயரங்களுக்குரியவை வடக்கே ஏறி இந்தியக் கிழக்குக் கரையை அணைந்து சென்றன. ஆயிரம் மீற்றர்க் கோடு சற்று விலகிக் கடலின் மேலேயே நின்றது. தொடங்கும் நேரத்தை ஆறு மணி தள்ளி மீண்டும் ஓட்டினோம். கோடுகள் இடம் பெயர்ந்தன, திசை மாறவில்லை. அதிகாரிகள் பொய் சொல்லவில்லை என்றே கொண்டோம்.

மாணவர்களுக்குப் படத்தைக் காட்டியபோது அம்மாணவி கேட்டாள்:

“சேர், உந்தக் கோட்டுக்குள்ளை எங்கடை குப்பைமேட்டுப் புகையும் இருக்குதோ?”

அவளுடைய வீடு குப்பைமேட்டுக்குப் பின்புறம். அங்கே மாலைதோறும் நெகிழியும் சருகும் எரியும். நாம் பயன்படுத்திய தரவில் ஒரு கட்டத்தின் பக்கம் ஏறக்குறைய 110 கிலோமீற்றர். குடாநாடு முழுவதையும் அதனுள் அடக்கிவிடலாம். அவ்வளவு பெரிய கண்ணுள்ள வலையிலே ஒரு குப்பைமேடு எவ்வாறு சிக்கும்? அன்றியும், காற்று நடந்த வழியையே கோடு காட்டும். அது சுமந்து வந்த பொருளைக் காட்டாது. இதனை அவளுக்கு விளக்கினோம். விளக்கம் சரியானது, ஆயினும் அவள் முகத்தை நோக்கக் கூச்சமாயிருந்தது.

அண்மையிலுள்ள புகைக்கென வேறு மென்பொருள் உண்டு. ‘ஏர்ஸ்கிறீன்’ என்பது அது. ஒரே மூலத்திலிருந்து எழும் மாசு மிக மோசமான வேளையில் எவ்வளவாகும் எனக் கணித்துக் கூறும். அதனையும் நிறுவினோம். அது முதன்மையாகக் கேட்ட வினா: ஒரு செக்கனுக்கு எத்தனை கிராம் வெளியேறுகிறது? எரிவது எவ்வளவு என்று தெரிந்தாலன்றோ இதற்கு விடை கூறலாம்! உரிய அலுவலகத்திற்குச் சென்று நாளொன்றுக்கு எவ்வளவு குப்பை கொட்டப்படுகின்றது என வினவினோம். நிறுப்பதில்லை என்றார்கள். எரிப்பதுமில்லை என்று, கேளாமலே சொன்னார்கள். அந்தக் கட்டத்தை நிரப்பாமலே கணினியை மூடினோம்.

இப்போது அம்மாணவி ஒரு கொப்பி வைத்திருக்கிறாள். வேலிக்கம்பில் கட்டிய நூல் எப்பக்கம் பறக்கின்றது, நெருப்பு எத்தனை மணிக்கு மூட்டப்பட்டது, அன்றிரவு தான் உறங்கினாளா என்பவற்றை நாடோறும் எழுதுகிறாள். பதினேழு பக்கங்கள் ஆகியுள்ளன. எழுத்துப் பிழைகளை மட்டும் நாம் திருத்திக் கொடுக்கிறோம்.