எவரும் வெறுக்காத பாடல்

சென்ற ஆண்டு கோடையில் ஆறு வாரங்கள் என் மகளின் இல்லத்தில் தங்கியிருக்கும் வாய்ப்புக் கிட்டியது. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் அவள் குடும்பம் வாழ்கிறது. நாள்தோறும் காலையில் பேரனை நீச்சல் வகுப்பில் விடுவதற்காக மருமகன் காரை எடுப்பார். நானும் உடன் செல்வேன். வண்டி புறப்பட்டதும் அவர் வானொலியைத் திறந்துவிடுவார். பழைய பாடல்களை மட்டுமே ஒலிபரப்பும் நிலையம் அது. 'கிளாசிக் ஹிட்ஸ்' நிலையங்கள் என்று அந்நாட்டார் இவற்றை அழைக்கிறார்கள்.

இசை குறித்து மார்க்க அறிஞர்களிடையே நிலவும் கருத்து வேற்றுமைகளுக்குள் நான் இங்கே புகவில்லை. ஆங்கிலப் பாடல்களைக் கேட்டு வளர்ந்தவனும் அல்லன். ஆயினும், அந்த ஆறு வாரமும் ஒரு பாடலுக்காக நான் காத்திருந்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

1980-ஆம் ஆண்டு எனக்குப் பத்து வயது. துபாயிலிருந்து விடுமுறையில் வந்த என் காக்கா ஒரு டேப் ரிக்கார்டர் கொண்டுவந்தார். அத்துடன் நாகூர் இ.எம். ஹனீபா அவர்களின் ஒலிநாடாக்கள் நான்கும், 'போனி எம்' என்னும் குழுவினரின் ஒலிநாடா ஒன்றும் வந்தன. வாப்பா வீட்டில் இருக்கும்போது ஹனீபா பாடுவார். வாப்பா கடைக்குப் புறப்பட்டதும் போனி எம் பாடும். காக்கா ஊஞ்சலில் அமர்ந்து பலகையில் விரலால் தாளம் போடுவார். எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் அந்தத் தாளம் விளங்கும். அந்நாடாவில் இருந்த 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' என்ற பாடலின் சொற்கள் விவிலியத்தின் சங்கீத நூலிலிருந்து எடுக்கப்பட்டவை என்பதைப் பல்லாண்டுகள் கழித்து அறிந்தபோது, இதையா வாப்பாவுக்குத் தெரியாமல் கேட்டோம் என்று நானும் காக்காவும் தொலைபேசியில் சிரித்தோம். காக்கா மறைந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன.

1978-இல் பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் முதலிடம் பெற்ற பாடல் அது. பழைய பாடல்களுக்கென்றே ஒரு நிலையம் இருக்கும்போது அது எப்படியும் ஒருநாள் ஒலித்தே தீரும் என்று நான் நம்பினேன். ஒலிக்கவில்லை. அதே காலத்து 'ஆபா' குழுவினரின் 'டான்சிங் குயின்' பாடலை மட்டும் பதினொரு முறை கேட்டேன். இவ்வளவு பாடல்கள் பிறந்த ஒரு காலத்திலிருந்து இவர்கள் ஏன் ஒரு கைப்பிடியை மட்டுமே அள்ளிக்கொள்கிறார்கள் என்ற ஐயம் எனக்குள் எழுந்தது.

அந்த ஐயத்தைத் தீர்த்துவைத்தவர் எதிர் வீட்டு முதியவர். வானொலி நிலையமொன்றில் நிகழ்ச்சிப் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மாலையில் புல்வெளியில் நாற்காலி போட்டு அமர்ந்திருப்பார். மருமகன் மொழிபெயர்க்க, நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாக விடை சொன்னார்.

"மாமா கேட்ட பாடல் நல்ல பாடலா, கெட்ட பாடலா என்பதே அங்கே கேள்வி இல்லையாம்" என்று மருமகன் தொடங்கினார்.

பாடல்களைத் தேர்ந்தெடுப்பவர் இசையறிஞர் அல்லர். நிலையம் விரும்பும் வயதினராகவும், இத்தகைய நிலையங்களைக் கேட்பவர்களாகவும் பார்த்து ஏறத்தாழ 100 பேரை ஒரு விடுதி மண்டபத்துக்கு அழைப்பார்களாம். வந்ததற்கு ஒரு சிறு தொகையும் தருவார்கள். பாடல்களை முழுமையாக ஒலிக்கச் செய்வதில்லை. ஒவ்வொரு பாடலிலும் கேட்டவுடன் நினைவுக்கு வரக்கூடிய ஒரு துண்டு, 7 முதல் 10 வினாடி வரை மட்டுமே ஒலிக்கும். அத்துண்டுக்குக் 'கொக்கி' என்று பொருள்படும் 'ஹூக்' என்பது பெயர். ஒரே அமர்வில் சில நூறு கொக்கிகள் வந்து விழும். மிகவும் பிடிக்கும் என்பது முதல் அறவே பிடிக்காது என்பது வரை ஒவ்வொன்றுக்கும் அவர்கள் மதிப்பெண் இடவேண்டும். தெரியாத பாடல் என்றால் அதற்கு ஒரு குறி. கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது என்றால் அதற்கு வேறொரு குறி. இப்பொழுது இந்தச் சோதனை பெரும்பாலும் இணையத்தின் வழியே, அவரவர் வீட்டிலிருந்தபடியே நடைபெறுகிறது.

இச்சோதனையில் தேறிய 400 அல்லது 500 பாடல்களே பல நிலையங்களின் முழு முதலீடு. அவற்றை வகை பிரித்து, மிகுந்த மதிப்பெண் பெற்றவற்றை அடிக்கடியும் ஏனையவற்றை இடைவெளி விட்டும் ஒலிபரப்புவார்கள். ஒரே பாடகர் அடுத்தடுத்து வராமலும், மெதுவான பாடல்கள் இரண்டு சேர்ந்து வராமலும், நேற்று இதே நேரத்தில் வந்தது இன்றும் வந்துவிடாமலும் கணினி பார்த்துக்கொள்ளும். 'செலக்டர்' என்னும் மென்பொருளை உருவாக்கிய நிறுவனம் 1979-இல் தொடங்கப்பட்டது. மனிதர் அட்டைகளை அடுக்கிச் செய்த வேலையை அன்றுமுதல் எந்திரம் மெல்ல ஏற்றுக்கொண்டது.

இதில் எனக்கு வியப்பளித்தது மதிப்பெண்ணின் கணக்கே. எடுத்துக்காட்டாக, ஒரு பாடலை நூற்றுவரில் 30 பேர் உயிராக நேசிக்கிறார்கள், 20 பேர் வெறுக்கிறார்கள், எஞ்சியோருக்கு அது தெரியாது என்று கொள்வோம். இன்னொரு பாடலை 90 பேர் 'பரவாயில்லை' என்கிறார்கள். வெறுப்பவர் எவரும் இல்லை. இரண்டாவதே ஒலிபரப்பாகும். ஏனெனில், நேசிக்கும் முப்பதின்மர் எப்படியும் அதே நிலையத்தில்தான் இருப்பார்கள். வெறுக்கும் இருபதின்மரோ மறுநொடியே வேறு நிலையத்துக்குப் போய்விடுவார்கள். அவர்கள் போய்விடக் கூடாது என்பதே தேர்வின் நோக்கம். பலராலும் மிகுதியாக நேசிக்கப்படுவது சிறப்பே. ஆனால் எவராலும் வெறுக்கப்படாமலிருப்பது கட்டாயம்.

போனி எம் குழுவினர் ஐரோப்பாவில் கொடிகட்டிப் பறந்தவர்கள். அமெரிக்காவிலோ அவர்களுக்கு அத்தகைய வெற்றி வாய்க்கவில்லை. எனவே அந்த மண்டபத்தில் அவர்கள் பாடலுக்குக் கிடைக்கக்கூடியது 'தெரியாது' என்ற குறிதான். தெரியாததால் ஒலிபரப்புவதில்லை, ஒலிபரப்பாததால் இனித் தெரியப்போவதும் இல்லை. துபாய் வழியாக எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்த பாடல், நியூஜெர்சி சாலைகளில் எவருடைய இளமையிலும் இல்லை. இருந்திருந்தால் அல்லவா நினைவு வரும்!

இவ்வளவையும் கேட்டுவிட்டு, "இது வணிகரின் கொடுமை" என்றேன். முதியவர் மறுத்துத் தலையசைத்தார். கேட்பவர்தாம் இவ்வழக்கத்தை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்றார். 1950-களில் ஓமாஹா நகரில் நிலையம் நடத்திய டாட் ஸ்டார்ஸ் என்பவரைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. காசு போட்டால் விரும்பிய பாடலை ஒலிக்கும் பெட்டி வைத்திருந்த ஒரு விடுதியில் அவர் அமர்ந்திருந்தார். வாடிக்கையாளர் ஒரே சில பாடல்களையே நாள் முழுவதும் மாறி மாறிக் கேட்டனர். இரவில் கடை அடைக்கும் வேளையில், பகலெல்லாம் அவற்றைக் கேட்டுக் களைத்த பணிப்பெண் தன் கைக்காசைப் போட்டு மீண்டும் அதே பாடலைக் கேட்டாளாம். மக்கள் புதுமையை அன்று, பழகியதையே நாடுகிறார்கள் என்ற கொள்கை அங்கிருந்து பிறந்ததாகச் சொல்வர்.

இன்று கைக்காசைக் கண்காணிக்க வேண்டியதில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட நேயர் சிலர் உடலில் அணிந்துகொள்ளும் ஒரு சிறு கருவி, ஒலியில் பொதிந்துள்ள மறைகுறியை உணர்ந்து, எந்த நிலையத்தை எவ்வளவு நேரம் கேட்டார்கள் என்பதைப் பதிந்துகொள்கிறது. 2007 முதல் அந்நாட்டின் பெருநகரங்களில் இம்முறை படிப்படியாக வந்தது.

அதைக் கேட்டபோது என் முகம் சுருங்கியது. அன்று காலையில்தான், நான் அறியாத ஒரு நீண்ட பாடல் வந்தபோது, "மாப்பிள்ளை, வேறு ஏதாவது வைக்கலாமே" என்று சொல்லியிருந்தேன். அவர் உடனே மாற்றினார். அந்தப் பாடலுக்காகவும் எங்கோ ஒருவர் ஆறு வாரம் காத்திருந்திருக்கலாம்.

பிறகு முதியவர் என் வயதைக் கேட்டார். ஐம்பத்தைந்து என்றேன். அவர் கைகொட்டிச் சிரித்தார். விளம்பரம் தருவோர் பெரிதும் நாடுவது 25 முதல் 54 வயது வரையுள்ள நேயர்களையே என்றும், நாங்கள் இருவரும் கணக்கிலிருந்து நீங்கிவிட்டோம் என்றும் சொன்னார். மக்கள் தம் பதின்பருவத்திலும் இருபதுகளின் தொடக்கத்திலும் கேட்டவற்றையே இறுதிவரை நெஞ்சில் சுமக்கிறார்கள். ஆதலால் அந்த வயதுக் கோட்டை ஒரு தலைமுறை கடக்கும்போது அதன் பாடல்களும் உடன் வெளியேறுகின்றன. நியூயார்க்கின் டபிள்யூ.சி.பி.எஸ்.-எஃப்.எம். நிலையம் 1972 முதல் பழைய பாடல்களுக்குப் பேர்பெற்றது. 2005 ஜூன் மாதத்தில் ஒரே நாளில் அவ்வழக்கத்தைக் கைவிட்டது, நேயர்கள் கொதித்தெழுந்தார்கள். 2007 ஜூலையில் பழைய பாடல்கள் திரும்பி வந்தன. ஆனால் வந்தபோது 1950-களின் பாடல்கள் பெரும்பாலும் ஒதுக்கப்பட்டிருந்தன. நிலையம் திரும்பியது; அப்பாடல்களோடு வளர்ந்தவர்களுடைய இளமை திரும்பவில்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அரபு இலக்கியம் பயின்றவன் நினைவு எங்கே செல்லும்? அபுல் ஃபரஜ் அல் இஸ்ஃபஹானீ தொகுத்த 'கிதாபுல் அகானி'க்குத்தான் சென்றது. பத்தாம் நூற்றாண்டில் எழுந்த அப்பெருநூலின் அடித்தளமும் ஒரு பாடல் தேர்வுதான். கலீஃபா ஹாரூன் ரஷீத் தம் அவைப் பாடகர்களான இப்ராஹீம் அல் மவ்ஸிலீ, இப்னு ஜாமிஃ, ஃபுலைஹ் ஆகிய மூவரையும் அழைத்து, நூறு பாடல்களைத் தேர்ந்தெடுக்கப் பணித்தார். அவற்றிலிருந்து பத்தும், அப்பத்திலிருந்து மூன்றும் தேர்ந்தெடுக்கச் சொன்னார் என்பது வரலாறு. அங்கும் நூறு என்ற எண் வருகிறது! ஆனால் அங்கே நூறு என்பது பாடல்களின் தொகை, தேர்ந்தவர் மூவர், மூவருக்கும் பெயர் உண்டு. அவர்கள் தேர்வு தவறென்றால் அவர்களைக் கேட்கலாம். இஸ்ஃபஹானீயோ அந்த நூறோடு நில்லாமல், பாடலைப் புனைந்தவர் யார், இசையமைத்தவர் யார், எச்சூழலில் பிறந்தது என்று தொடர்ந்து சென்று, எவரும் கேளாத எத்தனையோ கவிஞர்களையும் காப்பாற்றிவிட்டார். அந்த மெட்டுகள் இன்று நமக்குக் கிட்டவில்லை; சொற்கள் கிட்டியுள்ளன.

இந்த ஒப்பீட்டில் எனக்கு ஒரு நிறைவு தோன்றியது உண்மை. நம் முன்னோர் எத்துணைச் சிறந்தவர்கள் என்று எண்ணிக்கொண்டே புரண்டு படுத்தேன். அப்பொழுதுதான் என் வகுப்பு நினைவுக்கு வந்தது.

இருபத்தாறு ஆண்டுகளாக நான் அரபுக் கல்லூரியில் அபூதம்மாமின் 'ஹமாஸா'வை நடத்தி வருகிறேன். பனியால் வழி அடைபட்டு ஹமதான் நகரில் தங்க நேர்ந்தபோது, ஒரு நண்பரின் நூலகத்தில் அமர்ந்து அவர் தொகுத்த கவிதைத் திரட்டு அது என்பர். அதில் பல கவிதைகளின் தலைப்பில் கவிஞர் பெயரே இருக்காது. 'மற்றொருவர் பாடினார்' என்று மட்டும் இருக்கும். பெயரறியாத அந்த மற்றொருவர்கள் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக வாழ்வதற்குக் காரணம், ஒரு மனிதர் தம் சுவையை நம்பியதுதான்.

என் உஸ்தாத் அந்நூலின் இரங்கற்பா இயலை நடத்தும்போது குரல் தழுதழுப்பார். துரைத் இப்னுஸ் ஸிம்மா தம் சகோதரர் அப்துல்லாஹ்வை இழந்து பாடிய பகுதிக்கு மட்டும் மூன்று நாள் எடுத்துக்கொள்வார். நான் ஆசிரியனான தொடக்க ஆண்டுகளில் அதை நடத்தினேன். மாணவர் கொட்டாவி விட்டனர். வீரம் பற்றிய முதல் இயலில் அவர்கள் நிமிர்ந்து அமர்வதையும் கண்டேன். ஆண்டுக்கு ஆண்டு இரங்கற்பாவைச் சுருக்கினேன். பின்னர், "நேரமில்லை, நீங்களே படித்துக்கொள்ளுங்கள்" என்று விட்டுவிட்டேன். நேரம் இருந்தது. கொட்டாவியைக் காணும் துணிவுதான் எனக்கு இல்லை. எந்த மண்டபமும் கருவியும் இல்லாமலே நான் ஒரு கிளாசிக் ஹிட்ஸ் நிலையம் நடத்திக்கொண்டிருந்தேன். என்னிடம் பயின்று இன்று ஆசிரியராகியுள்ள மாணவர்களுக்குத் துரைதின் அப்பாடல் 'தெரியாத' பாடல். அவர்களிடம் பயில்வோருக்கும் அப்படியே.

வானொலி நிலையத்தை நான் இப்பொழுது குறைகூறுவதில்லை. நேயரைப் போகவிடாமல் காப்பது அதன் தொழில். தொழிலை அது திறம்படச் செய்கிறது. ஆனால் பாடலைக் காப்பது வேறொரு தொழில். அதைச் செய்ய முன்வருபவர் சிலருடைய சலிப்பைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். அதற்காகவே ஊதியம் பெறும் ஆசிரியன் நான்.

ஊர் திரும்பிய பின் இவ்வாண்டு ஹமாஸா வகுப்பில் துரைதின் இரங்கற்பாவை எடுத்தேன். மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். சகோதரரை இழந்தவன் நடத்துவதால் இம்முறை எனக்கே அது வேறு பாடலாக இருந்தது. வகுப்பில் பாதிப்பேர் கொட்டாவி விட்டார்கள். பின்வரிசையில் ஒரு மாணவர் மட்டும் என்னையறியாமல் என் விரல் மேசையில் போட்டுக்கொண்டிருந்த தாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் முடிவில், "இதை அடுத்த ஆண்டும் நடத்துவீர்களா, ஹஜ்ரத்? என் தம்பி அடுத்த ஆண்டு இவ்வகுப்புக்கு வருகிறான்" என்று கேட்டார்.

நடத்துவேன் என்று சொல்லியிருக்கிறேன்.