இராத்திரிக்கு எங்கே?

2019 டிசம்பரில் ஓரிரவு. இஷாத் தொழுதுவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அலுவிகாரையில் எட்டு மணிக்கே இரவு முற்றிவிடும். குகை விகாரைக்கு வந்த யாத்திரிகர்களின் பஸ்கள் போனபின், தம்புள்ளைப் பக்கமிருந்து இறங்கும் மரக்கறி லொறிகளின் இரைச்சல் மட்டும்தான் மிச்சம். அந்த நேரத்தில் கொழும்பிலிருந்து மகள் அழைத்தாள்.

"வாப்பா, ஒண்டு கேக்கணும். உம்மாட்ட செல்லிறாதீங்க."

அவளோடு வேலை செய்யும் பிள்ளையொன்று அவுஸ்திரேலியாவுக்குப் போகிறதாம். ஆறு பேர் சேர்ந்து வழியனுப்ப நைட் கிளப் ஒன்றுக்குப் போகத் திட்டம். எங்கே போவதென்பதில்தான் சிக்கல். ஓரிடத்தில் ஆட மட்டும்தான் ஏலும், ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. இன்னோரிடத்தில் பேண்ட் இருக்கிறது, பழைய பைலா பாடுவார்கள். மூன்றாவது ஒரு ஹோட்டலுக்குள். அமைதியாக இருந்து கதைக்கலாம். மகள் அடுக்கிக்கொண்டே போனாள். இவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்க வாயெடுத்து, எனக்கு எப்படித் தெரிந்தது என்பது நினைவுக்கு வர, பேசாமலிருந்தேன்.

1997இல் நான் கொழும்புக் கோட்டையில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞன். நாங்கள் நால்வர். இரண்டு சிங்கள நண்பர்கள், யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர், நான். சிங்கள நண்பர்களில் குருநாகல்காரன் இந்த விஷயத்தில் கரைகண்டவன். சம்பளம் கிடைத்த வாரமென்றால் ஓரிடம், மாதக் கடைசியென்றால் வேறோரிடம். பதவி உயர்வென்றால் பேண்ட் இருக்க வேண்டும். காதல் முறிந்தவனை ஆட்டக்காரர்களுக்கு நடுவே கொண்டுபோய் இருத்தக் கூடாது, வெளிச்சம் குறைந்த மூலைதான் அவனுக்குச் சரி. செருப்புக் காலோடு விடமாட்டார்கள். சில இடங்களில் ஜோடியாக வந்தால்தான் வாசலே திறக்கும். நான்கு தடியன்களாகப் போய்த் திரும்பி வந்ததும் உண்டு. பௌர்ணமி தினத்தில் மது விற்பனைக்குத் தடை, ஆகவே எல்லாம் மூடிக்கிடக்கும். கலண்டரைப் பார்த்துத்தான் அவன் எதையும் தீர்மானிப்பான்.

எங்கள் கந்தோரின் பிரதம எழுதுவினைஞருக்கு இதெல்லாம் ஒரு பொருட்டேயல்ல. அவர் கோல்பேஸ் ஹோட்டலின் 'கோகனட் குரோவ்' காலத்து மனிதர். மினோனும் ஜெட்லைனர்ஸ் குழுவும் கொழும்பை ஆட்டிவைத்த அறுபதுகளைப் பற்றி அவர் சொல்லத் தொடங்கினால் கோப்புகள் அசையா. அப்போதெல்லாம் சனங்கள் பாட்டைத் தேடிப் போனார்கள், இடத்தைத் தேடியல்ல என்பார்.

நான் குடித்ததில்லை. இஞ்சிச் சோடா ஒன்றை வைத்துக்கொண்டு இரவு முழுவதையும் ஓட்டிவிடுவேன். ஆனால் மது பரிமாறப்படும் விரிப்பில் உட்காரவே கூடாதென்று மத்ரஸாவில் ஓதியவன் நான். அங்கே போயிருந்தது சரியென்று அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நியாயப்படுத்த வரவில்லை. போனேன். அவ்வளவுதான்.

இங்கே நான் எழுத நினைத்தது வேறு. அந்த வருடம் ஒக்டோபர் 15ஆந் திகதி கலதாரி ஹோட்டலடியில் லொறிக்குண்டு வெடித்தது. முந்திய வருடம் ஜனவரியில் மத்திய வங்கி. கோட்டைக்குள் நுழையும் பாதைகளிலெல்லாம் சோதனைச்சாவடிகள். சில மாதங்கள் அடங்கிக் கிடந்த நாங்கள், பிறகு மெல்ல மறுபடியும் போகத் தொடங்கினோம். யாழ்ப்பாணத்து நண்பர் மட்டும் வரவில்லை. ஒருநாள் வயிற்றுவலி, ஒருநாள் ஊரிலிருந்து ஆள் வந்திருக்கிறது, ஒருநாள் தலையிடி. "உவனுக்குக் காசு செலவழிக்க மனமில்லை" என்று குருநாகல்காரன் சிங்களத்தில் சொல்லிச் சிரிப்பான். நானும் சிரித்திருக்கிறேன்.

காரணம் எனக்குத் தெரியும். அவர் இருந்தது வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில். நள்ளிரவு தாண்டிக் காலி வீதியால் திரும்பும்போது எத்தனை இடத்தில் இறங்க வேண்டும்? அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். சட்டைப்பையில் பொலிஸ் பதிவுத்துண்டு இல்லாவிட்டால் அந்த இரவு எங்கே முடியுமென்று சொல்ல முடியாது. எனது அட்டையில் மாத்தளை. பெயரைப் பார்ப்பார்கள், நான் சிங்களத்தில் இரண்டு வார்த்தை சொல்வேன், "யன்ன" என்று அனுப்பிவிடுவார்கள். இதை நான் மற்ற இருவரிடமும் சொல்லியிருக்கலாம். சொன்னால் இடத்தை மாற்ற வேண்டிவரும், அன்றைய உற்சாகம் கெட்டுவிடும். சொல்லாமலிருந்தேன்.

1999இல் அவர் கனடா போனார். பிரியாவிடை வெள்ளவத்தையிலேயே, அவர் லொட்ஜிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு கொத்து ரொட்டிக் கடையில் நடந்தது. அதை அவரே தெரிவு செய்திருந்தார். தகரத்தில் தகடுகள் அடிக்கும் சத்தத்துக்கு நடுவே, "எனக்கு அந்த பேண்டைக் கேட்க நல்ல ஆசை இருந்தது, ஒருக்காலும் வாய்க்கேல்லை" என்றார். எங்கள் நால்வரில் கிட்டார் வாசிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். குருநாகல்காரன் தலைநிமிர்ந்து என்னைப் பார்த்தான். அவனுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. எனக்கு முன்பே தெரியும் என்பதும் விளங்கியிருக்க வேண்டும். பில்லை அவன் ஒருவனே கட்டினான், ஒரு வார்த்தை பேசவில்லை.

"வாப்பா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கன் மகள். அந்த மூணாவது இடம்தானே ஒங்களுக்குத் தோது? இருந்து கதைக்கலாம் எண்டீங்க."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அது ஹோட்டல் வாப்பா" என்றாள்.

நான் மந்தபுத்திக்காரன். அந்த வருடம் ஏப்ரல் 21ஆந் திகதி ஷங்ரிலா, சினமன் கிராண்ட், கிங்ஸ்பரி மூன்றிலும் நடந்தது நடந்து, எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. மகள் தலையில் ஸ்கார்ப் போடுபவள். வாசலில் ஆறு பேரின் பையையும் பார்ப்பார்கள். அவளுடையதை மட்டும் இன்னும் கொஞ்சம் நேரம் பார்ப்பார்கள். அவள் குறைசொல்லவில்லை. "அவங்கட வேல அது. ஆனா மத்த அஞ்சு பேரும் பக்கத்துல நிண்டு பாத்துட்டு இருப்பாங்க வாப்பா, அதுதான் ஏலாது."

"வயித்துவலி எண்டு செல்லப் போறீங்களா?"

"எப்படித் தெரியும்?"

போகச் சொல்லவுமில்லை, போக வேண்டாமென்று சொல்லவுமில்லை. மார்க்கம் அவளுக்கும் தெரியும், அதை வாப்பா டெலிபோனில் ஓதிக்காட்ட வேண்டியதில்லை. "வயித்துவலி எண்டு மட்டும் செல்லாதீங்க, உள்ளதச் செல்லுங்க" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கே வெட்கமாயிருந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டியது அவளா? அன்று யாழ்ப்பாணத்து நண்பரா சொல்லியிருக்க வேண்டும்?

அடுத்த வெள்ளி இரவு பதினொரு மணிக்கு, போர்டிங்குக்கு வந்து சேர்ந்துவிட்டதாகச் செய்தி அனுப்பினாள். காலிமுகத்திடலில் இறால்வடை தின்றபடி கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்களாம். அவள் வாய் திறப்பதற்கு முன்பே கண்டிப் பிள்ளையொன்று, "அந்த ஹோட்டல் வேணாம், வேற பாப்பம்" என்று சொல்லிவிட்டதாம். பத்து மணிக்குப் பிறகு இரண்டு பேர் ஆடுகிற இடத்துக்குப் போனார்களாம். மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று நான் கேட்கவில்லை.

உம்மாவிடம் சொல்ல வேண்டாமென்றாள் அல்லவா, இதுவரை சொல்லவில்லை. நான் எழுதுவதை வீட்டில் யாரும் வாசிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் இதையும் எழுதி அனுப்புகிறேன்.