மூன்றாம் வகுப்பில் ஓர் இடம்

கொழும்புக் கோட்டைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே சுமார் 400 கிலோமீட்டர். இரவுத் தபால் வண்டியின் மூன்றாம் வகுப்பிலே, இடம் பதிவு செய்யாமல், நிமிர்ந்து உட்கார்ந்தபடியே அத்தூரத்தைக் கடப்பவருக்குத் தமது முதுகெலும்பின் கணுக்கள் ஒவ்வொன்றும் விடிவதற்குள் அறிமுகமாகிவிடும்.

எமது தலைமுறையினர் புகையிரதத்தைப் பிந்திக் கண்டவர்கள். 1905ஆம் ஆண்டில் முற்றுப்பெற்ற வடபாதை 1990ஆம் ஆண்டில் யுத்தத்தினால் நின்றுபோயிற்று. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. 2013இல் கிளிநொச்சிக்கும், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் வண்டி மீண்டும் வந்து சேர்ந்தது. ஆகவே, நீண்ட பயணத்தை உடல் நோகாது கழிக்கும் கலையை நாம் மூத்தோரிடமிருந்தே கற்க வேண்டியதாயிற்று.

2018ஆம் ஆண்டில் ஆசிரியர் கருத்தரங்கொன்றுக்காக நாம் கொழும்பு சென்று திரும்ப நேர்ந்தது. எம்முடன் கற்பிக்கும் மூத்த ஆசிரியர் ஒருவர் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இப்பாதையில் பன்முறை போய்வந்த தம் தந்தையாரிடம் பாடம் கேட்டவர். “மூன்றாம் வகுப்பெண்டு பயப்படாதையும், தம்பி. வசதி கோச்சியிலை இல்லை, எங்கடை ஆயத்தத்திலைதான் இருக்கு” என்று தொடங்கி அப்பாடத்தை எமக்கும் சொன்னார்.

பெட்டியின் நடுப்பகுதியிலே இடம் பிடிக்க வேண்டும். சில்லுகள் பூட்டிய சட்டங்கள் பெட்டியின் இரு அந்தங்களிலுமே இருப்பதால் குலுக்கம் அங்கே மிகுதி, நடுவே குறைவு. கழிப்பறை வாடையும் கதவடிக்கும் ஓசையும் நடுவிடத்துக்கு அதிகம் எட்டா. பகல் வண்டியில் வடக்கே வருபவர் காலையில் இடப்புறமும் பிற்பகலில் வலப்புறமும் அமர்ந்தால் வெயிலுக்குத் தப்பலாம். இரவு வண்டியில் வருபவர், புழுங்கும் கொழும்பை நம்பி வெறுஞ்சட்டையுடன் ஏறலாகாது. அநுராதபுரம் தாண்டியபின் யன்னற் காற்றுக் காதை அறுக்கும். ஒரு துவாயை மடித்து இடுப்பின் பின்னே செருகினால் முதுகு தாங்கும். தேங்காய்ப்பால் விட்ட கறி விடியுமுன் புளித்துவிடும். பாணும் கட்டைச்சம்பலும் கெடா. சப்பாத்தைத் தவிர்த்துச் செருப்பணிய வேண்டும். மணிக்கொரு தரம் எழுந்து நாலடி நடக்க வேண்டும். கெண்டைக்காற் தசை அசைந்தால்தான் பாதத்தில் தேங்கும் இரத்தம் மேலேறும், இல்லையேல் கால் வீங்கும்.

இவை யாவும் அனுபவம் கண்ட உண்மைகள். அவர் கடைசியாகச் சொன்னது இது: “பக்கத்திலை பையை வைச்சிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும். நித்திரை கொள்ளுற ஆளை ஒருத்தரும் எழுப்பமாட்டினம்.”

நாம் நல்ல மாணாக்கராக இருந்தோம். கோட்டை நிலையத்தில் வண்டி வந்து நின்றதும் முண்டியடித்து ஏறி, பெட்டியின் நடுவே யன்னலோரத்தைப் பிடித்தோம். துவாய் இடுப்பில் அமர்ந்தது. அருகே பையை வைத்தோம். அந்தப் பையினுள்ளே அன்று மாலை கொழும்பில் வாங்கிய நூல்கள் இருந்தன. தொழிலாளர் இயக்க வரலாறு ஒன்று, வர்க்க உறவுகள் பற்றிய மொழிபெயர்ப்பு ஒன்று, சிறுகதைத் தொகுதிகள் இரண்டு. மனிதர் ஒருவர் அமரக்கூடிய இடத்தை அவை நிறைவாக எடுத்துக்கொண்டன.

பொல்காவலையில் வண்டி நின்றது. மலையகப் பாதை வடபாதையுடன் சந்திக்கும் இடம் அது. துணி மூட்டையொன்றைத் தலையிலும், ஆறு வயது மதிக்கத்தக்க பெண் குழந்தையைக் கையிலும் கொண்ட பெண்ணொருத்தி ஏறினாள். ஏற்கெனவே பலர் நின்றுகொண்டிருந்தனர். கூட்டம் அவளைத் தள்ளித் தள்ளி எமது ஆசனத்தருகே கொண்டுவந்து நிறுத்திற்று. நாம் கண்களை மூடிக்கொண்டோம்.

மூடிய கண்ணுக்குச் செவி கூர்மை. குழந்தை எமது பையின்மேல் சாய முனைந்திருக்க வேண்டும். தாய் தாழ்ந்த குரலில் சொன்னாள்:

“ஐயா தூங்குறாரு பாப்பா, மேல இடிச்சிராத.”

வாசகரே, அக்குரலிலே ஏளனம் சிறிதளவேனும் இருந்திருக்குமாயின் எமக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் மெய்யாகவே எமது நித்திரையைக் காத்தாள். நாமோ விழித்திருந்தோம். விழித்திருந்தும் கண் திறக்கவில்லை. ஒருமுறை திறந்துவிட்டால், இதுவரை மூடியிருந்ததற்குக் காரணம் சொல்ல வேண்டி வருமே என்ற வெட்கம் எமது இமைகளை அழுத்திற்று. குருநாகல் கடந்தது. வகுப்பறையில் மனிதநேயம் பற்றி மாணவரைக் கட்டுரை வரையச் சொல்லிச் சிவப்பு மையால் திருத்தும் அதே நாம், ஒரு குழந்தை நின்றபடியே தூங்கி விழுவதை இமையிடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எமக்கு எதிரே முதியவர் ஒருவர் இருந்தார். சீமெந்துக் கறை படிந்த கைகள். காலடியில் கொல்லத்துக் கருவிகள் நிறைந்த சாக்கு. கொழும்பில் கட்டட வேலை செய்துவிட்டு அநுராதபுரத்துக்குத் திரும்பும் சிங்களத் தொழிலாளி. அவர் எழுந்து, “இந்தகன்ன துவே” என்றார். ‘உட்கார், மகளே’ என்பது அதன் பொருள். குழந்தையைத் தமது இடத்தில் இருத்திவிட்டுப் பழைய பத்திரிகைத் தாளொன்றைத் தரையில் விரித்து, சாக்கிலே சாய்ந்து அமர்ந்தார். எம்மை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை.

அதன்பின்னரே நாம் கண் விழித்தோம். பையை எடுத்து மேலே தட்டில் வைத்தோம். “இருங்கோ அம்மா” என்றோம். “பரவாயில்லைங்க ஐயா, நிக்கிறது எங்களுக்குப் பழக்கம்ங்க” என்று அவள் மறுத்தாள். இரண்டாம் முறை வற்புறுத்திய பின்பே ஆசனத்தின் நுனியில் ஒட்டிக்கொண்டாள். அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலே கொழுந்து எடுப்பவள். 1977ஆம் ஆண்டு வன்செயலின்போது அவளது பெரிய தகப்பனார் குடும்பம் மலையகத்தை விட்டுக் கிளிநொச்சிக்குச் சென்று காட்டை வெட்டிக் குடியேறிற்றாம். அங்கே ஒரு சாவு. அட்டனிலிருந்து பொல்காவலை வரையும் நின்றே வந்திருந்தாள். காலையில் மலையிலும் நின்றவள்தான்.

‘நிக்கிறது பழக்கம்’ என்ற அச்சொல் எம்மை விட்டகலவில்லை. ஏழைகளின் துன்பத்தைப் பற்றி வசதி படைத்தோர் சொல்லும் வாக்கியம் அது. அதையே ஏழைகளும் நம்பும்படி பழக்கிவிட்டோம். ஆனால் அத்துன்பம் தானாய் முளைத்ததா? புகையிரதத்தின் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. தொடக்க காலத்து இங்கிலாந்தில் ஏழைப் பயணிகள் கூரையில்லாத திறந்த பெட்டிகளில் ஏற்றப்பட்டனர். 1841ஆம் ஆண்டு நத்தாருக்கு முதல்நாள் சோனிங் என்னுமிடத்தில் மண்சரிவிலே வண்டி மோதியபோது, அத்தகைய பெட்டிகளில் இருந்த தொழிலாளர் பலர் தூக்கியெறியப்பட்டு மாண்டனர். 1844ஆம் ஆண்டுச் சட்டமே மூன்றாம் வகுப்புக்குக் கூரையும் ஆசனமும் கட்டாயமாக்கிற்று. பிரான்சிய பொறியியலாளர் ஜூல் டியூப்பூயி 1849ஆம் ஆண்டிலே இதன் உட்பொருளை விளக்கினார். மூன்றாம் வகுப்புக்குக் கூரை போடாதது செலவுக்கு அஞ்சியன்று. கூரை இருந்துவிட்டால் இரண்டாம் வகுப்புக்குப் பணம் கட்டக்கூடியவரும் அங்கே வந்துவிடுவாரே என்பதுதான் கம்பனிகளின் கவலை. பணமுள்ளவனை அச்சுறுத்துவதற்காக ஏழையை நனையவிட்டனர் என்பது அவர் கண்ட முடிவு.

1956ஆம் ஆண்டிலே பிரித்தானிய புகையிரதம் ‘மூன்றாம் வகுப்பு’ என்ற பெயரை நீக்கிற்று. 1974இல் இந்தியாவும் நீக்கிற்று. எமது நாட்டில் அப்பெயர் இன்றும் வழங்குகிறது. பெயர் நீங்கினாற் போதுமோ என்பது வேறு கேள்வி. அன்றிரவு மேலே வைத்த பையை அண்ணாந்து பார்க்குந்தோறும், டியூப்பூயி குற்றஞ்சாட்டிய கம்பனியின் சிறியதொரு கிளை எமக்குள்ளும் இயங்கிற்று என்றே தோன்றியது.

நள்ளிரவின் பின் அநுராதபுரத்தில் முதியவர் இறங்கினார். குழந்தையின் தலையைத் தடவிவிட்டுப் போனார். நாம் எமக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் நன்றி சொன்னோம். அவர், எதற்கு என்பதுபோலப் பார்த்தார். அவர் எழுந்துகொடுத்த இடம் வவுனியா வரையிலும் அக்குழந்தைக்கே கட்டிலாயிற்று. அதன்பின் நாமும் நின்றுகொண்டிருந்த பல்கலைக்கழக மாணவனொருவனும் முறைவைத்து அமர்ந்தோம். ஒரு மணி அவனுக்கு, ஒரு மணி எமக்கு. துவாய் குழந்தைக்குத் தலையணையாயிற்று. எமது முதுகு நொந்தது. ஆயினும் மாங்குளம் வருமுன் நாம் உறங்கிவிட்டோம். அது மெய்யான உறக்கம்.

கிளிநொச்சியில் தாயும் மகளும் இறங்கியபோது இன்னும் இருட்டு. “வர்றோம்ங்க ஐயா” என்றாள் அவள். வண்டி தாமதித்தே ஓடியதால் கொடிகாமத்தில் கிழக்கு வெளுத்தது. அருகே இடம் வெறுமையாய்க் கிடந்தது. பை மேலேயே இருந்தது.

மறுநாள் பாடசாலையில் மூத்த ஆசிரியர், “என்ன தம்பி, பயணம் எப்பிடி?” என்றார். “நீங்கள் சொன்னது எல்லாம் சரி, சேர். கடைசிப் பாடத்தை மட்டும் நான் பிள்ளையளுக்குச் சொல்லிக்குடுக்கமாட்டன்” என்று கூறி நடந்ததை விவரித்தோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, “அதை அப்பா சொல்லேல்லை. நான்தான் பிறகு சேர்த்தனான்” என்றார்.

துவாயும் கட்டைச்சம்பலும் ஒருவருடைய உடம்பைக் காக்கும். அவற்றை எடுத்துச் செல்லுங்கள். ஆனால், தரையில் விரித்த அப்பத்திரிகைத் தாளின் உயர்வை மெச்சிவிட்டு நாம் ஓய்ந்துவிடலாகாது. நாள் முழுதும் செங்கல் அடுக்கிய முதியவருக்குத் தரையும், நாள் முழுதும் மலையில் நின்ற பெண்ணுக்கு நிற்குமிடமுமே மிஞ்சுமாறு பெட்டிகளின் எண்ணிக்கையை அளந்து வைத்தது விதியன்று. பெட்டிகளைக் கூட்டுக, ஆசனங்களைத் திருத்துக என்று கேட்பது சலுகை கோருவதாகாது. அதைச் சேர்ந்து கேட்க வேண்டியவர்கள் அந்த மூன்றாம் வகுப்பிலே ஒருவருக்கெதிரே ஒருவராய்த்தான் அமர்ந்திருக்கின்றனர். அதற்கு முதலில் நாம் கண்ணைத் திறந்து, பையை மேலே எடுத்து வைக்க வேண்டும்.