பிஆர்-319: அமேசான் காட்டின் ஊடே ஒரு கடும்பாதை

வடபிரேசிலில் மனாஸ் நகரையும் அதற்குத் தெற்கே உள்ள போர்ட்டோ வேல்யோ நகரையும் இணைக்கும் பிஆர்-319 நெடுஞ்சாலை சுமார் 885 கிலோமீட்டர் நீளமுள்ளது. மதெய்ரா, புருஸ் என்னும் இரு பேராறுகளுக்கு இடையே விரிந்த மழைக்காட்டை அது ஊடறுத்துச் செல்கிறது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் மனாஸிலிருந்து நாட்டின் தென்பகுதிக்குப் போக வேறு தரைவழி கிடையாது. இதை விட்டால் விமானம். அல்லது மதெய்ரா ஆற்றில் நாள்கணக்கில் படகுப் பயணம்.

ராணுவ ஆட்சிக் காலத்தில் போடப்பட்ட இந்தச் சாலை 1976-இல் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் தார்ச்சாலையாக இருந்தது, பேருந்துகளும் ஓடின. ஆனால் பராமரிப்பு நின்றதும் மழை தன் வேலையைக் காட்டியது. 1988 வாக்கில் பேருந்துகள் நின்றுபோயின. இரு முனைகளிலும் இன்று தார் உண்டு. நடுவே சுமார் 400 கிலோமீட்டர் மண்பாதை. சாகசப் பயணிகள் தேடி வருவது இந்த நடுப்பகுதியைத்தான்.

ஆபத்து நடுக்காட்டில் மட்டும் இருப்பதாக நினைத்துவிடக் கூடாது. மனாஸில் வண்டியோடு பால்சா என்னும் மிதவைப் படகில் ஏறி, கரிய நெக்ரோ ஆறும் கலங்கிய சொலிமோயின்ஸ் ஆறும் கூடுமிடத்தைக் கடந்தால் கரெய்ரோ கரை வரும். அங்கிருந்து சிறிது தூரத்தில், குருசா ஆற்றின் மேலிருந்த பாலம் 2022 செப்டம்பரில் வாகனங்களோடு இடிந்து விழுந்து உயிர்களைப் பலிகொண்டது. சில நாள்களில் அருகிலிருந்த அவுத்தாஸ்-மிரிம் பாலமும் சரிந்தது. இரண்டுமே தார்ச்சாலைப் பகுதியில் இருந்தவை.

நடுப்பகுதியின் குணத்தைப் பருவமே தீர்மானிக்கிறது. ஏறத்தாழ ஜூன் முதல் அக்டோபர் வரை மழை குறைவு. அப்போது லாரி கிளப்பும் செம்புழுதியில் எதிரே வருவது தெரியாது. பழைய தார்த்தளத்தின் எச்சங்கள் தீவு தீவாக நிற்கும். அவற்றின் உடைந்த விளிம்புகள் டயரைக் கிழித்துவிடும். மழை பிடித்தால் களிமண் சோப்புக்கட்டிபோல் வழுக்கும். லாரிச் சக்கரங்கள் உழுத பள்ளங்களில் சேறு அச்சுவரை ஏறும். ஒரு லாரி புதைந்தால், அதை இழுத்தெடுக்கும்வரை பின்னால் வரும் அத்தனை வண்டிகளும் காத்திருக்க வேண்டியதுதான்.

இன்னும் மாற்றப்படாத மரப்பாலங்களுக்கென்று ஒரு முறை உண்டு. வண்டியை நிறுத்தி ஒருவர் இறங்குகிறார். குறுக்குக் கட்டைகளின் மேல், சக்கரம் உருள இரு வரிசைப் பலகைகள் நீளவாக்கில் அடிக்கப்பட்டிருக்கும். மேற்புறம் காய்ந்து உறுதியாகத் தெரியும் பலகை அடியில் மக்கியிருக்கலாம். ஒவ்வொன்றாக மிதித்துப் பார்த்து, ஆணி பிடித்திருக்கிறதா என்று உறுதி செய்து, அவர் எதிர்முனையில் நின்று கைகாட்டிய பிறகே ஓட்டுநர் முதல் கியரில் வண்டியை நகர்த்துகிறார்.

பெட்ரோல் பங்க்குகளுக்கு இடையே தூரம் மிக அதிகம் என்பதால் கேன்களில் எரிபொருள், கூடுதல் டயர்கள், இழுவைக் கயிறு, மண்வெட்டி, குடிநீர் எல்லாம் கையோடு இருக்க வேண்டும். பெரும்பகுதியில் கைபேசி எடுக்காது. மலேரியா உள்ள பகுதி. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை முன்பே போட்டுக்கொள்வது அவசியம். ஆனாலும் வழியில் மனிதர்கள் இருக்கிறார்கள். இகப்போ-அசு ஆற்றங்கரைச் சிற்றூரில் நெடுங்காலமாகப் பால்சாவே ஆற்றைக் கடக்கும் துணை. நன்னீர் ஓங்கில்கள் கரையோரம் வரை வரும். புதைந்து நிற்கும் வண்டியைக் கண்டும் காணாததுபோல் போவதில்லை என்பது இந்தப் பாதையில் ஓட்டுவோரின் வழக்கம். அடுத்த பள்ளத்தில் தனக்கும் அதே கதி வரலாம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

பயணிக்குச் சாகசமாக இருப்பது இங்கு வாழ்பவர்களுக்கு அன்றாடப் பாடு. நோயாளியை நகரத்துக்குக் கொண்டுபோவதும் விளைச்சலைச் சந்தைக்கு அனுப்புவதும் இதே சேற்றின் வழியேதான். 2021 ஜனவரியில், கொரோனாவால் மனாஸ் மருத்துவமனைகள் ஆக்சிஜன் இன்றித் தவித்தபோது, சிலிண்டர் ஏற்றிய லாரிகள் மழைக்காலச் சேற்றில் திணறியபடி இவ்வழியே போய்ச் சேர்ந்தன. சாலையைச் செப்பனிடுங்கள் என்று இம்மக்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

மறுபக்கமும் உண்மையானது. தெற்கே ரொந்தோனியா மாநிலத்தில் பிஆர்-364 சாலை 1984-இல் தார்ச்சாலையானது. குடியேற்றம் பெருகியது; மீன்முள்போலக் கிளைச்சாலைகள் பிரிந்தன; அவற்றின் ஓரமாகக் காடு அழிந்தது. பிஆர்-319-க்கும் அதே கதி நேரலாம் என்று பிலிப் ஃபியர்ன்சைட் போன்ற அறிவியலாளர்கள் நீண்ட காலமாக எச்சரிக்கிறார்கள். பயணியைத் தடுக்கும் அதே சேறுதான் மரம் வெட்டுவோரையும் நில ஆக்கிரமிப்பாளரையும் இத்தனை காலம் தடுத்துவந்திருக்கிறது. எனவே தாரை விடக் காவல் முந்த வேண்டும்: பழங்குடி நிலங்களும் காப்புக்காடுகளும் உறுதியாகப் பாதுகாக்கப்பட்ட பிறகே சாலை வரட்டும். அதுவரை இவ்வழியே போகிறவர்கள் வறண்ட பருவத்தைத் தேர்ந்தெடுத்து, துணை வண்டியோடு, உள்ளூர் ஓட்டுநர்களின் சொல் கேட்டுப் போவதே முறை.