முழங்கை

கல்லூரியை விட்டு நீங்கிய பின்னர், பெண்கள் பள்ளியொன்றிற் சாப்ட்பால் பயிற்றும் பணி எம்மை வந்தடைந்தது. 1887-ஆம் ஆண்டிற் சிகாகோவிற் பிறந்த இவ்வாட்டத்தில், எறிபவள் கையை இராட்டினம்போல் முழுவட்டமாகச் சுழற்றி இடுப்பருகே பந்தை விடுத்தல் வழக்கம். பெண்டிர்க்கு எறிதூரம் 43 அடி. அமெரிக்காவிற் சிறுமியர்க்கு இதனைக் குறைத்து வைத்துள்ளனர், யாம் குறைத்தோமில்லை.

12 வயதுச் சிறுமியொருத்தி எறிந்த பந்துகள் யாவும் பிடிப்பவளின் தலைக்கு மேலே சென்றன. மணிக்கட்டைச் சொடுக்கி, முழங்கையைத் தோள்வரை உயர்த்தி முடிக்குமாறு யாமே கற்பித்திருந்தோம். பிழை கண்டபோதும் அதனையே வற்புறுத்தினோம். நாடோறும் 50 முறை சொடுக்கினாள், பாவம்! மூன்றாந் திங்களில், தோள் நோகின்றதென்று மெல்லக் கூறினாள்.

அதுகாறும் பிடிப்பவளின் பின்னேயே நின்ற யாம், அன்றுதான் பக்கவாட்டில் நின்று நோக்கினோம். கை விறைத்துக் கீழிறங்கிற்று. முழங்கையைத் தூக்கும் அவசரத்தில், பந்தையும் உடன் தூக்கிவிட்டாள். இரவு, தேர்ந்தவர் எறியும் படங்களை மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். முன்வைத்த கால் உறுதியாய் ஊன்றி உடலைத் தடுக்கின்றது. அவ்வேகம் கைக்கு ஏறுகின்றது. முழங்கை சிறிது மடிந்திருக்க, முன்கை இடுப்பை உராய்ந்து உள்நோக்கித் திரும்புகின்றது. பந்து சென்ற பின்னர்க் கை தன் போக்கில் ஓய்கின்றது.

மறுநாள், "பிழை எம்முடையது" என்று அவளிடம் கூறினோம். நோவு தீருமட்டும் ஓய்வளித்து, பின்னர் 10 அடி தூரத்திற் சுவரை நோக்கி எறியச் செய்தோம். சுவருக்கு வேகம் வேண்டுவதில்லையன்றோ?

இப்பொழுது பந்து நேரே செல்கின்றது. களைத்த நாளில் மட்டும் முழங்கை தோளை நோக்கி எழுகின்றது. அப்பொழுது அவள் எம்மைத் திரும்பிப் பார்க்கின்றாள். யாம் தலை கவிழ்கின்றோம்.